ஒழுகுகுழாய் கண்டறியும் கருவி

1

இந்தக் கதை ஒரு கட்டம் போதாமல் போனதால் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

புதிய தொழில்நுட்பம் உருவாக்க நினைக்கும் சிறு நிறுவனங்களுக்கு அரசாங்கம் ஆய்வு நிதி தருகிறது. அதற்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது. முதல் பக்கத்தில் ‘திட்டத்தின் பெயர்’ என்று போட்டு, எதிரே பதினெட்டுக் கட்டங்கள். கட்டத்துக்கு ஓர் எழுத்து. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு கட்டத்தைக் காலியாக விட வேண்டும். என் அண்ணி செய்ய நினைத்தது, தண்ணீர்க் குழாயில் காதை வைத்துக் கேட்டு எங்கே ஒழுகுகிறது என்று சொல்லும் ஒரு சின்ன இயந்திரம். நான் எழுதிப் பார்த்தேன்: ஒழுகும் குழாய் கண்டறியும் கருவி. எண்ணினேன். பத்தொன்பது.

ஒரு ‘ம்’மையும் அதற்கடுத்த இடைவெளியையும் தூக்கினேன். ஒழுகுகுழாய் கண்டறியும் கருவி. பதினேழு. கச்சிதமாக உட்கார்ந்தது, ஒரு கட்டம் மிச்சம்கூட.

பள்ளியில் இலக்கண வகுப்பில் விழித்திருந்தவர்களுக்கு நான் செய்த காரியம் இந்நேரம் புரிந்திருக்கும். தூங்கியவர்கள் கவலைப்பட வேண்டாம். மூன்றாம் பகுதியில் ஒருவர் வந்து விளக்குவார்.

2

கதையை எப்படித் தொடங்குவது என்று ஒரு வாரம் தடுமாறினேன். தூக்கிப்போட்டவை இவை:

அன்று காலை முதல் பனி பெய்துகொண்டிருந்தது, குதிரைகள் [பெய்யவில்லை. குதிரைகளும் இல்லை. நான் படிப்பதெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள். அங்கே பெய்யும்.]

அவள் நெடுநேரம் ஜன்னலருகே நின்று, தன் வாழ்க்கை எங்கே [மொழிபெயர்ப்பு நாவல்களில் மனசு சரியில்லாதவர்கள் ஜன்னலருகே போய் நிற்பார்கள். எங்கள் அலுவலகத்தில் ஜன்னலருகே கம்ப்ரஸர் நிற்கிறது. அதை நகர்த்த மூன்று பேர் வேண்டும். ஆகவே நாங்கள் நின்ற இடத்திலேயே வருத்தப்பட்டுக்கொள்வோம்.]

என் அண்ணி வேலையை விட்ட அன்று [விடவில்லை. ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்பு. இது முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.]

கடைசியில் கட்டத்திலிருந்தே தொடங்கினேன்.

எங்கள் நிறுவனம் ஒரு சலவைக் கடையின் மாடியில் மூன்று அறைகள். முதல் அறையில் அண்ணியின் மேசையும் அளவுக் கருவிகளும். இரண்டாவதில் சுவரோடு சுவராக வளைந்து நெளிந்து ஓடும் சோதனைக் குழாய்கள். மூன்றாவது அறை என்னுடையது: ஒரு நாற்காலி, ஒரு கணினி, நான் சம்பளத்தில் வாங்கிக் குவித்த நாவல்கள் அடுக்கிய அலமாரி. அலமாரிக்கு நேர் மேலே, கூரையை ஒட்டி, கீழ்க்கடைக்குத் தண்ணீர் கொண்டு போகும் தடித்த குழாய் ஒன்று. அதன் நடுவில் ஒரு மூட்டு.*

அண்ணி எந்திரங்களோடு பேசுவாள். நான் காகிதங்களோடு. “நீதான் கதைப் புத்தகமா படிக்கிற, உனக்கு இந்த ஃபாரம் எல்லாம் வரும்,” என்று சொல்லித்தான் என்னை வேலைக்குச் சேர்த்தாள். இந்த வாதத்தில் ஓட்டை இருப்பது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

* இந்த மூட்டைப் பின்னால் உபயோகிக்கப் போகிறேன். கதையில் இப்படி முன்கூட்டியே காட்டிவிட வேண்டும் என்பார்கள். காட்டிவிட்டேன்.

3

விண்ணப்பம் முதல் சுற்றில் தேறியது. நேர்காணலுக்கு நானும் அண்ணியும் போனோம். நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இருவர் இந்தக் கதைக்குத் தேவையில்லை. ஒருவர் தண்ணீர் குடித்தார், மற்றவர் தலையாட்டினார். நடுவில் இருந்தவர் ஒரு பொறியியல் பேராசிரியை. மூக்கின் மேல் ஒரு கண்ணாடி, தலையின் மேல் இன்னொன்று. இரட்டைக் கண்ணாடி என்று என் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

“தலைப்பு எழுதினது யாரு?” என்றார்.

“என் நாத்தனார்,” என்று அண்ணி என்னைக் காட்டினாள்.

“ஒழுகுகுழாய். வினைத்தொகை, இல்லையா?”

“ஆமாங்க மேடம்.”

“வினைத்தொகைன்னா மூணு காலமும் உள்ளயே ஒளிஞ்சிருக்கும். ஒழுகின குழாய், ஒழுகற குழாய், இனிமே ஒழுகப்போற குழாய். உங்க கருவி மூணையும் கண்டுபிடிக்குமா?”

தண்ணீர் குடித்தவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

நேர்மையான பதில்: இல்லை மேடம், இடம் பத்தலை. அதைச் சொல்லத்தான் அண்ணி வாயைத் திறந்தாள். அவளுக்கு முன்னால் நான் பேசிவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். நான் எழுதிய ஒரு சொல்லை ஒருவர் இவ்வளவு ஊன்றிப் படித்தது அதுதான் முதல் தடவை.

“கண்டுபிடிக்கும் மேடம்.”

“ஒழுகறதுக்கு முன்னாடியேவா?”

“அதுதான் மேடம் இதுல புதுசு.”

மேசைக்கு அடியில் அண்ணியின் செருப்பு என் கால்மேல் ஏறி நின்றது.

நிதி கிடைத்தது. கடிதத்தில் மூன்று மைல்கற்கள். முதலிரண்டும் அண்ணி நினைத்தவை. மூன்றாவது நான் உளறியது: ‘இனி ஒழுகவிருக்கும் குழாய் ஒன்றைக் கண்டறிந்து காட்டுதல். காலம்: பன்னிரண்டாம் மாத இறுதி.’ காட்டினால் இரண்டாம் ஆண்டுக்கும் நிதி வரும். காட்டாவிட்டால் அண்ணியின் விடுப்பு முடியும், மூன்று அறைகளையும் பூட்ட வேண்டும், அவள் பழைய அலுவலகத்தில் பழைய நாற்காலியில் போய் உட்கார வேண்டும். அந்த நாற்காலியைப் பற்றி அவள் பேசும்போது பல்வலி பற்றிப் பேசுவது போல இருக்கும்.

படியிறங்கும்போது சொன்னாள்: “நாத்தனார் கொடுமைன்னு கேள்விப்பட்டிருக்கேன். ஒரே வார்த்தையில முடிச்ச நாத்தனாரை இப்பதான் பார்க்கறேன்.”

“மன்னிச்சிடுங்க அண்ணி.”

“அதெல்லாம் அப்புறம். ஒழுகப்போற குழாய் எப்படிச் சத்தம் போடும், அதைச் சொல்லுங்க புலவரே.”

நான் நாலு படி இறங்கித் திரும்பிப் பார்த்தேன். அவள் நடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். கைப்பிடிக் கம்பியில் காதை வைத்து, விரலால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபமே இல்லை.

4

(கதையை நிறுத்திவிட்டு ஒரு சின்னக் கட்டுரை. வேண்டாதவர்கள் ஐந்துக்குத் தாவலாம்.)

ஆய்வு நிதி விண்ணப்பம் என்பது எதிர்காலத்தில் எழுதப்படும் கதை. கருவி கேட்கும், கண்டறியும், காட்டும். வருட முடிவில் அறிக்கை எழுதும்போது அதே வாக்கியங்களை எடுத்து வினைமுற்றை மட்டும் மாற்ற வேண்டும். கேட்டது, கண்டறிந்தது, காட்டியது. காகிதத்தில் பார்த்தால் ஆராய்ச்சி என்பது அவ்வளவுதான்: ‘உம்’மில் முடிவதை ‘அது’வில் முடிய வைப்பது. அந்த ஒரு விகுதியை மாற்ற அண்ணி பன்னிரண்டு மாதம் உழைக்கிறாள். எனக்கு அதற்கு இரண்டு விசைகள் போதும்.

இதை நினைத்தால் சில நாள் வெட்கமாக இருக்கும். சில நாள்

[இந்த வாக்கியம் வேண்டாம்.]

5

மூன்றாவது மனிதரை இப்போது கொண்டுவர வேண்டும். எங்கள் குழாய் ஃபிட்டர். அவர் பெயர் கால்சுத்து அண்ணன். எந்த மூட்டைப் பூட்டினாலும், வேலை முடிந்த பிறகு, ஸ்பானரை மறுபடி வைத்து, “எதுக்கும் ஒரு கால் சுத்து இருக்கட்டும்,” என்று கால்வாசி இறுக்குவார். தண்ணீர்ப் பாட்டிலை மூடினாலும் அப்படித்தான். அவர் மூடிய பாட்டிலை எங்களில் யாராலும் திறக்க முடியாது. அவரையே கூப்பிட வேண்டும்.

முதல் வரைவில் இவரைச் சந்தேகத்துக்குரிய ஆளாக எழுதியிருந்தேன். கதைக்கு ஒரு துரோகி தேவைப்பட்டது. ஒரு போட்டி நிறுவனத்துக்கு ரகசியம் சொல்பவர் என்று இரண்டு பக்கம் எழுதினேன். பிறகு அவர் உள்ளே வந்து, என் நாற்காலி ஆடுகிறதென்று குனிந்து, அதன் திருகாணியை ஒரு கால் சுத்து இறுக்கிவிட்டுப் போனார். அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அவரைத் துரோகியாக எழுதுவது எப்படி? இரண்டு பக்கத்தையும் கிழித்தேன்.

முதலிரண்டு மைல்கற்களையும் எட்டு மாதத்தில் தாண்டினோம். ஒழுகும் குழாயை எங்கள் கருவி பூனை எலியைப் பிடிப்பது போலப் பிடித்தது. மூன்றாவது மட்டும் மசியவில்லை. சோதனைக் குழாய்கள் ஒன்று ஒழுகின, அல்லது ஒழுகவில்லை. ஒழுகலாமா என்று யோசிக்கும் குழாய் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

“குழாய்க்கு மனசு இல்லம்மா,” என்றார் கால்சுத்து அண்ணன். “அது யோசிக்காது. ஒழுகணும்னா ஒழுகிடும்.”

“மனசு எதுக்குண்ணே? பல்லு ஆடுதே, விழறதுக்கு முன்னாடி தெரியுதில்ல?”

“பல்லு ஆடினா நாக்கு போய்த் தொட்டுத் தொட்டுப் பார்க்கும்.”

அண்ணி அவரை உற்றுப் பார்த்தாள். “அதுதான் வேணும். நாக்கு.”

6

பதினொன்றாம் மாதத்தில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கருவியைத் தற்செயலாக என் அறைக் குழாயில் மாட்டிவைத்துவிட்டு அண்ணி கை கழுவப் போனாள். கீழே சலவை எந்திரத்தின் வால்வு பட்டென்று மூடியது. அப்படி மூடும்போது ஓடிவந்த தண்ணீர் முட்டி நின்று, குழாய் ஒரு குலுக்கல் குலுங்கும். ஒலிபெருக்கியில் ‘டொக்’ என்று கேட்டது.

அதற்கப்புறம், மிகச் சின்னதாக, ‘டிக்’.

அண்ணி ஈரக் கையோடு ஓடி வந்தாள். அடுத்த வால்வு மூடும்வரை நாங்கள் மூச்சே விடவில்லை. டொக். டிக். நல்ல மூட்டு குலுங்கி நின்றுவிடும். தளர்ந்த மூட்டு குலுங்கிய பிறகு தன் இடத்துக்குத் திரும்ப வந்து உட்காருகிறது. அந்த உட்காரும் சத்தம்தான் ‘டிக்’. ஆடுகிற பல்.

அண்ணி ஸ்டூல்மேல் ஏறி மூட்டைத் தடவிப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. ஒரு துளி ஈரம் இல்லை. சாக்பீஸால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் தேதி எழுதினாள்.

“ஒழுகும்,” என்றாள். “வருஷக் கடைசியில கமிட்டி ஆய்வுக்கு வர்றதுக்கு முன்னாடி ஒழுகிடும். அவங்க வந்து பார்க்கும்போது வட்டமும் இருக்கும், தண்ணியும் இருக்கும்.”

இப்படித்தான், ஒழுகலை ஒழிக்கப் பிறந்த ஒரு நிறுவனம், ஒழுக வேண்டும் என்று நேர்ந்துகொண்டு கூரையைப் பார்த்து உட்கார்ந்தது. அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு வாளி வைத்தோம். யார் உள்ளே வந்தாலும் முதலில் வாளியைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். “என்ன, ஏதாவது விசேஷம் உண்டா?” என்று கீழ்க்கடைக்கார அக்கா தினமும் கேட்டாள், புதுமணப்பெண்ணிடம் கேட்கிற குரலில்.

அன்று மாலையே என் நாவல்களை எல்லாம் அலமாரியிலிருந்து எடுத்து முதல் அறையில் அடுக்கினேன். அண்ணி வாசலில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

“என்ன புலவரே, வீடு மாத்தறீங்க?”

“நனைஞ்சிடும்ல அண்ணி.”

“காஞ்ச குழாய்க்குக் கீழ இருந்து புக்கை எடுத்து வைக்கிற. அப்ப நிஜமாவே நம்பற.”

நான் கையில் இருந்த ஏழு புத்தகங்களைப் பார்த்தேன். நம்பித்தான் இருந்தேன். அந்தக் கருவியின் பேச்சைக் கேட்டு முதன்முதலில் ஒரு காரியம் செய்த ஆள் நான்தான். அண்ணி அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்: வாடிக்கையாளர் 1.

7

ஆய்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ‘டிக்’ நின்றுபோனது.

டொக். அவ்வளவுதான்.

அண்ணி பேட்டரியை மாற்றினாள். ஒயரை மாற்றினாள். கருவியைப் பிரித்து மேசையில் பரப்பி மறுபடி பூட்டினாள். டொக். மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பழைய அலுவலகத்தின் எண்ணைக் கைபேசியில் தேடினாள். நான் அதைப் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் கைபேசியைக் கவிழ்த்தாள்.

கால்சுத்து அண்ணன் சாப்பிடவில்லை. பாட்டிலைக் கையில் வைத்து மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“நான் ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது.”

அண்ணி நிமிர்ந்தாள்.

“காலையில ஸ்டூல்ல ஏறி வட்டத்தைப் பார்த்தேன். சும்மாதான் ஏறினேன். கையில ஸ்பானர் இருந்துச்சு.”

“அண்ணே.”

“கண்ணு முன்னாடி ஒரு மூட்டு தளர்ந்து கிடக்குது. இருபது நாளா பார்க்கறேன். எனக்குத் தூக்கம் வரலம்மா. நான் இறுக்கணும்னு நினைக்கல. கை அதுவா போயிருச்சு.”

“எவ்வளவு?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “கால் சுத்து.”

இந்த இடத்தில் மொழிபெயர்ப்பு நாவலில் யாராவது ஒரு கோப்பையை உடைப்பார்கள். அண்ணி சிரித்தாள். முதலில் மெதுவாக, பிறகு சோற்று டப்பாவை மேசையில் தள்ளி வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை. அவளுக்குப் பைத்தியம் பிடித்தது தன்னால்தான் என்று அண்ணன் நினைத்துவிட்டார் போல, எழுந்து நின்றார்.

“கருவி கெட்டுப் போகலைண்ணே. நீங்க இறுக்கினீங்க, அதுக்குத் தெரிஞ்சிருச்சு. வாங்க. ஏறுங்க. இறுக்கினதைப் பிரிங்க.”

பிரித்தார். டொக். டிக். இறுக்கினார். டொக். பிரித்தார். டிக். பதினோரு தடவை. கீழ்க்கடைக்கார அக்கா எங்களுக்காக வால்வைத் திறந்து திறந்து மூடினாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. கடைசியில் இறுக்கியே விட்டோம். தளர்ந்த மூட்டை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக அண்ணன் மறுத்துவிட்டார்.

8

இரட்டைக் கண்ணாடியை வில்லியாக எழுதிய பக்கங்களும் உண்டு. [அவர் உதடுகள் கத்தியைப் போல] [அவர் காலணி ஓசை கேட்டாலே] உண்மையில் அவர் சத்தமில்லாத ரப்பர் செருப்பில் வந்தார். வந்ததும் வாளியை எட்டிப் பார்த்தார்.

அண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். கால் சுத்தை மறைக்கவில்லை. பேராசிரியை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, “நான் பார்க்கமாட்டேன். இறுக்குவீங்களோ பிரிப்பீங்களோ, நான் கருவியைக் கேட்டே சொல்றேன்,” என்றார். பத்துத் தடவை சொன்னார். பத்தும் சரி. பத்தாவது தடவை கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துக்கொண்டார். தலைமேல் இருந்ததை.

“சரி. இந்தக் குழாய் ஒழுகிச்சா?”

“இல்ல மேடம்,” என்றாள் அண்ணி.

“இப்ப ஒழுகுதா?”

“இல்ல.”

“இனிமே ஒழுகுமா?”

“ஒழுகாது மேடம். இவர் விடமாட்டார்.”

“வேணும்னா தளர்த்தி விட்டுப் பார்க்கலாமே. பத்து நாள்ல ஒழுகிட்டுப் போகுது.”

“அது ஒழுகினதா இருக்காதுங்க,” என்றார் கால்சுத்து அண்ணன், ஸ்டூலில் இருந்தபடியே. “நாம ஒழுக வச்சதா இருக்கும்.”

பேராசிரியை அவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “கேட்டியாம்மா? மூணு காலத்துலயும் இது ஒழுகல. விட்டிருந்தா ஒழுகியிருக்கும். உன் வினைத்தொகையில அந்தக் காலத்துக்கு இடம் இருக்கா?”

நான் யோசித்தேன். விண்ணப்பத்தின் முதல் பக்கம் கண்முன் வந்தது. “ஒரு கட்டம் மிச்சம் இருக்கு மேடம்,” என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் கீழ்க்கடைக்கார அக்கா என்ன ஆச்சென்று மேலே ஏறி வந்துவிட்டாள்.

9

இனி முடிவுதான் பாக்கி. மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் கூரை பிளந்து தண்ணீர் கொட்டுகிறது, எல்லோரும் நனைந்துகொண்டே ஆடுகிறோம். இன்னொன்றில் அண்ணி பழைய நாற்காலியில் உட்கார்கிறாள்; அது ஆடுகிறது; அவள் சிரித்துக்கொண்டே ஸ்பானரைத் தேடுகிறாள். மூன்றாவதை எழுதும்போது அண்ணி பின்னால் நின்று படித்துவிட்டு, “இதுல நான் ஏன் ஜன்னலுக்குப் போறேன்?” என்றாள். மூன்றையும் அழித்தேன்.

நடந்தது இது. பேராசிரியை போகும்போது பையிலிருந்து ஒரு தாள் எடுத்துக் கொடுத்தார். மைல்கல் அறிக்கை. விதிப்படி முதலில் நிறுவனம் அதில் பொருந்தாததை அடித்து நிரப்ப வேண்டும்.

“நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள அனுப்புங்க. நான் கையெழுத்துப் போடறேன்.”

“நாங்க எதை அடிச்சாலும் போடுவீங்களா மேடம்?” என்றாள் அண்ணி.

“நியாயமா அடிச்சிருந்தா போடுவேன்.”

அண்ணி தாளைக் கால்சுத்து அண்ணனிடம் நீட்டினாள். “எனக்கு எதையும் அடிச்சுப் பழக்கமில்லம்மா. இறுக்கித்தான் பழக்கம்,” என்று அவர் பின்வாங்கினார். அண்ணி அதை என் மேசையில் வைத்தாள். “இது என் குழந்தை, என்னால நியாயமா பார்க்க முடியாது. நீ எழுதின வார்த்தைதானே புலவரே, நீயே முடிச்சு வை.”

நானும் நியாயமான ஆள் இல்லை. புத்தகங்களை நகர்த்தியவள். ஆகவே தாளை உங்கள் பக்கம் தள்ளுகிறேன். எட்டுப் பகுதிகளையும் படித்தவர் நீங்கள். எங்களோடு சேர்ந்து அந்த ‘டிக்’கைக் கேட்டவர். இந்த அறைகள் பூட்டப்படுவதாலோ திறந்திருப்பதாலோ உங்களுக்கு எதுவும் ஆகப்போவதில்லை. உங்களைப் பேரம் பேசி வளைக்கவும் நான் முயலவில்லை. அண்ணி இரண்டாம் வருடத் திட்டத்துக்கு ஏற்கெனவே படம் வரையத் தொடங்கிவிட்டாள் என்பதை மட்டும் ஒரு தகவலாகச் சொல்லி வைக்கிறேன்.

மைல்கல் 3. இனி ஒழுகவிருக்கும் குழாய் ஒன்றைக் கண்டறிந்து காட்டுதல்.
நிறைவேறியது / நிறைவேறவில்லை
(பொருந்தாததை அடிக்கவும்)

பேனா மூடியைக் கால்சுத்து அண்ணன்தான் மூடியிருக்கிறார். திறக்கக் கொஞ்சம் நேரமாகும். நீங்கள் யோசிப்பதற்கும் அந்த நேரம் போதும். நான் நாவல்களை மறுபடி அலமாரியில் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். கீழே வால்வு மூடுகிறது.

டொக்.

அதற்கப்புறம் எதுவும் இல்லை.